ஐம்பத்தைந்து நிமிடம்

வ்ராத்சா
13 பிப்ரவரி 2015, வெள்ளி

தெமெனுகா,

உன் போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் காகிதமும் பேனாவும். கோல்யோவின் வேன் வழக்கம்போல இன்று மதியம் இத்தாலிக்குக் கிளம்புகிறது. ஊறுகாய் ஜாடிகளோடு நம் வீட்டுச் சண்டையும் போலோஞ்ஞா வரை போகட்டும்.

அம்மாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆயிற்று. பெற்ற மகள் நீ வரவில்லை.

செவ்வாய் காலை ஆறரைக்கு உயிர் போனது. ஏழு மணிக்கு உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "பாக்கறேன், ஒதெத்தா அம்மாளைப் பாத்துக்க ஒரு ஆள் கெடைக்கணும்." யாரோ ஒரு இத்தாலியக்காரிக்குக் கால் பிடித்துவிட ஆள் வேண்டுமாம். பெற்றவள் செத்துக் கிடக்கிறாள், நீ பார்க்கிறாயாம்.

மாலை ஐந்தரைக்கு ஒரு வரி அனுப்பினாய்: "நாளைக்கு 8.05 விமானம். எனக்காக நிறுத்தி வை." நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று கேள். முப்பத்தொரு வருடமாக ஸ்டேஷன் மாஸ்டர் நான். அங்கே எட்டு ஐந்து என்றால் இங்கே ஒன்பது ஐந்து. போலோஞ்ஞாவிலிருந்து சோஃபியாவுக்கு விமானம் ஐம்பத்தைந்து நிமிடம். சரியாகப் பத்து மணிக்கு நீ சோஃபியாவில். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். பன்னிரண்டுக்கு வீட்டு வாசல். பாதிரியாரிடம் பன்னிரண்டரை என்று சொல்லி வைத்தேன். அவர் வந்து நின்றார். நீ வரவில்லை. ஒரு மணி வரை அவரைக் கெஞ்சி நிறுத்தினேன். "எனக்கு ரெண்டு மணிக்கு மெஸ்த்ராவுல இன்னொரு சாவு இருக்கு, லூபென். எவ்வளவு நேரம்தான் நிக்கிறது," என்றார். ஒரு மணிக்குத் தூக்கினோம்.

பக்கத்து வீட்டு தோச்கா ஊர் கேட்கக் கேட்டாள்: "பொண்ணு வரலியா? ரோமா பக்கந்தானே இருக்கா? விமானத்துல வந்தா ஒரு தூக்கம் தூரம் இல்லியா?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இன்னொன்று. கேட்டில் ஒட்டியிருந்த அம்மாவின் அஞ்சலித் தாளை அன்றைக்கே எவனோ கிழித்துக்கொண்டு போய்விட்டான். பச்சை பெயின்டோடு பெயர்த்திருக்கிறான். கல்லறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அது வேறு.

மார்ச் 14, சனிக்கிழமை, நாற்பதாம் நாள். அதற்கும் "பாக்கறேன்" என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு. படையல் கோதுமையைக் குறைத்து வேகவைக்கச் சொல்கிறேன்.

லூபென்

---

போலோஞ்ஞா
15 பிப்ரவரி, ஞாயிறு

ஸ்டேஷன் மாஸ்டர் லூபென் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மரியாதையாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

ஐம்பத்தைந்து நிமிடமா? யார் சொன்னது உனக்கு? அது விமானமா, பீரங்கிக் குண்டா? போலோஞ்ஞாவுக்கும் சோஃபியாவுக்கும் வான்வழியில் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். சாலையில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். கோல்யோவின் வேனில் பத்தொன்பது மணி நேரம், மூன்று எல்லைகளில் வரிசை. அந்த வேனின் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது தெரியுமா? ஒன்றுக்குப் போவதற்குக்கூட அவன் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். பதினொரு வருடத்தில் ஏழு முறை அதில் அடைந்து கிடந்து வந்திருக்கிறேன். நீ ஒருமுறை இங்கே வந்திருக்கிறாயா? உன் தூரமெல்லாம் சுவரில் மாட்டிய வரைபடத்தில் விரலால் அளந்தது.

ஒதெத்தா அம்மாள் யாரோ இத்தாலியக்காரி இல்லை. நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவி, தானாக ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாதவள். அவளைத் தனியாக விட்டு நான் கிளம்பியிருந்தால் நீ இரண்டு சாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஆள் தேடாமல் எப்படி வருவது?

நான் கிளம்பினேனா இல்லையா என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. நீ முதலில் ஒன்றுக்குப் பதில் சொல். அஞ்சலித் தாளில் என் பெயர் எங்கே? அம்மாவின் படத்துக்குக் கீழே ஒன்பது பேர் ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார்கள். மகன் லூபென். மருமகள் கலினா. பேரப்பிள்ளைகள். கலினாவின் தம்பிகூட இருக்கிறான். அவன் அம்மாவைப் பார்த்ததே இரண்டு தடவை, இரண்டிலும் குடித்திருந்தான். மகள் என்ற ஒரு சொல் அந்தத் தாளில் இல்லை. அம்மா என்னைச் சந்தையில் வாங்கினாளா?

இதற்குப் பதில் வந்த பிறகு கோதுமையைப் பற்றிப் பேசலாம்.

தெமெனுகா

---

வ்ராத்சா
20 பிப்ரவரி, வெள்ளி

தெமெனுகா,

தாளில் யார் யார் பெயர் இருந்தது என்று உனக்குச் சொன்னது யார்? கோல்யோவைப் பிடித்துக் கேட்டேன். "எங்க அம்மா மேல சத்தியமா நான் வாயே தொறக்கல, அண்ணே. ஜாடியக் குடுத்தேன், கவரக் குடுத்தேன், வந்துட்டேன்," என்கிறான். இந்த ஊரில் உனக்கு ஒற்றன் இருக்கிறான். தோச்காவாகத்தான் இருக்கும்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். செவ்வாய் மாலை நான்கு மணிக்குத் தாள் அச்சாயிற்று. அப்போது உன்னிடமிருந்து வந்திருந்தது "பாக்கறேன்" ஒன்றுதான். வருவாளா மாட்டாளா என்று தெரியாதவள் பெயரை எப்படிப் போடுவது? ஐந்தரைக்கு உன் செய்தி வந்தபோது அறுபது தாளும் ஒட்டியாகிவிட்டது. கேட், சர்ச் கதவு, பஸ் நிறுத்தம், மின்கம்பம் எல்லாம். "அவ பேரோட இன்னொரு தடவ அடிச்சிடலாம், பாவம்," என்றாள் கலினா. "மொதல்ல வரட்டும்," என்றேன். நீ வரவில்லை. நான் சொன்னது தப்பா?

பீரங்கிக் குண்டு என்று கேலி செய்தாயே. இத்துடன் நகல் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா உன்னிடம் வந்த டிக்கெட். ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து அலமாரியில் வைத்திருந்தாள். சோஃபியா 6.40. போலோஞ்ஞா 7.35. கழித்துப் பார். பள்ளிக்கூடத்தில் கழித்தல் உனக்கு வராது, என் சின்னவனைக்கூடக் கேட்கலாம். ஒரு அட்டவணை என்றால் அதில் ஒரு கடிகாரம்தான். வித்தினிலிருந்து சோஃபியா வரை எந்த ரயிலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அந்த டிக்கெட்டைப் பார்த்தால் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. மூன்று மாதம் இருப்பேன் என்று போனவள் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். என்ன செய்தாய் அவளை?

லூபென்

---

போலோஞ்ஞா
22 பிப்ரவரி, ஞாயிறு

அட்டவணைப் புலியே,

உன் நகலை ஒதெத்தா அம்மாளின் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

விமான டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் கடிகாரம். இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரம். ஆறு நாற்பது உங்கள் நேரம், ஏழு முப்பத்தைந்து எங்கள் நேரம். உங்கள் கடிகாரத்தில் அப்போது எட்டு முப்பத்தைந்து. பறந்தது ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். கிளம்பும் நேரத்துக்கு மட்டும் ஒரு மணியைக் கூட்டினாய், பறக்கும் நேரத்தில் ஒரு மணியை முழுங்கிவிட்டாய். என் டிக்கெட்டை நானும் அனுப்புகிறேன். போலோஞ்ஞா 8.05, சோஃபியா 11.00. உன் பத்து மணி இல்லை. பதினொன்று.

நாலாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு இது தெரிந்தது. அன்றைக்கு இங்கே இறங்கியதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இவங்க கடியாரம் ஒரு மணி நேரம் தூங்கிப்போச்சு, மென்கா. இவ்வளவு பெரிய எடத்துல சாவி குடுக்க ஒரு ஆள் இல்லியா?" என்றாள். ஒன்பது நாளும் அவள் தன் கடிகாரத்தை மாற்றவே இல்லை. ஏன் ஒன்பதே நாள் என்று கேட்டாயே. நீதான் தினம் மூன்று தடவை போன் செய்தாய், தக்காளி நாற்று வாடுகிறது, தயிர் உறையவில்லை என்று. "அவனால ஒரு சட்டி தயிரு ஒறய வைக்க முடியல, நான் போறேன்," என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது கேள். புதன்கிழமை பதினொன்றரைக்கு சோஃபியாவில் வெளியே வந்தேன். உன்னை நான்கு தடவை அழைத்தேன், போனை அணைத்து வைத்திருந்தாய். கலினாவின் எண் பழைய போனோடு போய்விட்டது. வாடகைக் கார் பிடித்தேன். பொத்தேவ்கிராத்தில் சாலை வேலை. "பொறுமையா இருங்க, செத்தவங்க எங்கயும் போயிட மாட்டாங்க," என்றான் டிரைவர். அவன் உன்னைப் பார்த்ததில்லை.

ஒன்று நாற்பதுக்கு நம் கேட். வீடு பூட்டியிருந்தது. ஒரு ஆள் இல்லை. கேட்டில் ஒட்டிய தாளில் அம்மா, அந்த நீலப் பூப்போட்ட சட்டையோடு. கீழே ஒன்பது பேர். நான் ஒரு தடவை படித்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். பிறகு நகத்தால் சுரண்டிப் பெயர்த்தேன். அதே காரில் ஏறினேன். உன்னை பிளாக் செய்தது மெஸ்த்ரா தாண்டும்போது.

உன் எவனோ ஒருவன் நான்தான். தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் உன் பச்சை பெயின்ட் ஒட்டியிருக்கிறது, கேட்டில் வைத்துச் சரிபார்த்துக்கொள்.

தெமெனுகா

---

வ்ராத்சா
27 பிப்ரவரி, வெள்ளி

தெமெனுகா,

வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

அதனால் நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. நம் கேட்டிலிருந்து கல்லறைக்குக் காரில் ஐந்து நிமிடம், நடந்தால் இருபது. நீ கேட்டைத் தொட்டபோது நாங்கள் இன்னும் அங்கேதான் நின்றோம். பாதிரியார் அப்போதுதான் கிளம்பினார். குழி முழுதாக மூடவில்லை. ஒரு பிடி மண் போட்டிருக்கலாம். ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவளால் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் வர முடியவில்லை. பெயர் இல்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாய். அம்மாவா கேட்டாள், தாளில் என் மகள் பெயரைப் போடாதே என்று? என் மேல் இருந்த கோபத்தை அவள் மேல் காட்டினாய்.

கலினா சொல்கிறாள், நான் வாயை மூட வேண்டுமாம். "ரெண்டு பேரும் ஒரே மாவு. ஒன்ன உருட்டுனா இன்னொன்னும் ஒட்டிட்டு வருது," என்கிறாள். சிவப்பு வெள்ளை நூல் ஒன்று கவரில் இருக்கும். வழக்கப்படி மார்ச் ஒன்றுக்குக் கையில் கட்டிக்கொள்ள. அதை வைத்தது அவள். நான் இல்லை.

நாற்பதாம் நாள் தாள் ஐந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. உன் பெயரை எப்படிப் போடுவது என்று சொல். கேட்டுவரை வந்த மகள் என்றா?

லூபென்

---

போலோஞ்ஞா
1 மார்ச், ஞாயிறு

லூபென்,

இன்று காலை கலினாவின் நூலைக் கட்டிக்கொண்டேன். வருடா வருடம் அம்மா அனுப்புவாள், முடிச்சு அவிழாதபடி எச்சில் தொட்டுப் போட்டிருப்பாள். கலினாவின் முடிச்சு மத்தியானமே அவிழ்ந்துவிட்டது. அவளிடம் சொல்லாதே.

கல்லறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். சரியான இடத்தில் குத்துகிறாய். அது என் தப்பு. காரில் ஏறும்போதே தெரியும் தப்பு என்று. "வலது பக்கம் திருப்புங்க" என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "சோஃபியாவுக்கே விடுங்க" என்றேன். நான் கல்லறையில் வந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? தாளைப் படித்த எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். இவள் யார், இவள் பெயர் இல்லையே என்று தோச்கா என் முகத்தைப் பார்ப்பாள். பிணத்தைப் பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரி மாதிரி வரிசையில் நின்று மண் போட வேண்டும். அம்மா வீட்டுக் கேட்டிலேயே ஒட்டியிருந்தது, அம்மாவுக்கு நான் யாரும் இல்லை என்று. அதைப் படித்த பிறகு கால் எழவில்லை. அவ்வளவுதான் காரணம். நல்ல காரணம் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மண்ணை விடு. முகம்? நீ பத்து மணி என்று போட்ட கணக்கால் நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தது போன வருடம் ஆகஸ்டில், வேன் கண்ணாடி வழியாக. நீ வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டலாம். அதை மட்டும் உன்னால் எனக்குத் திருப்பித் தர முடியாது.

பெயரை எப்படியும் போடு. போடாமலும் விடு. இரண்டாவது தடவையும் இல்லாமல் போனால் அந்த கேட்டை நான் இனிமேல் தொட மாட்டேன். ஐம்பத்தைந்து நிமிடமானாலும் சரி, ஐந்து நிமிடமானாலும் சரி.

தெமெனுகா

---

வ்ராத்சா
6 மார்ச், வெள்ளி

தெமெனுகா,

நான்கு நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இரண்டு டிக்கெட்டையும் ஸ்டேஷன் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி ஐம்பத்தைந்துதான் வருகிறது. டிக்கெட் விற்கும் பெண்ணிடம் காட்டினேன். "சார், இது எல்லாருக்கும் தெரியுமே," என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு ரயிலையும் நேரத்துக்கு முன்னால் அனுப்பியதில்லை. தாமதமாக அனுப்பியிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். முன்னால் அனுப்பியதில்லை. பிளாட்பாரத்தில் ஓடி வருகிறவர்கள் இருப்பார்கள். அம்மாவை நாற்பது நிமிடம் முன்னால் அனுப்பிவிட்டேன்.

பாதிரியாரை இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கலாம். கையை விட்டதற்குக் காரணம் மெஸ்த்ரா சாவு இல்லை. உன் மேல் எனக்கு வந்த கோபம். வர வேண்டியவள் பன்னிரண்டுக்கே வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் தாள் வந்துவிட்டது. ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். மகள் தெமெனுகா முதலில் இருக்கிறாள். மருமகள், பேரப்பிள்ளைகள் பிறகு. கலினாவின் தம்பியை எடுத்துவிட்டேன், அதற்கு வீட்டில் தனிச் சண்டை. மகன் என்று யாரும் இல்லை. அறுபது தாளிலும் இல்லை. அச்சுக்காரன் இரண்டு தடவை கேட்டான், "அண்ணே, ஒங்க பேரு விட்டுப்போச்சே." விட்டுப்போகவில்லை என்றேன். ஊர் கேட்டால் கேட்கட்டும். கேட்டில் நின்று படிக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒட்டப் போகிறேன். 14ஆம் தேதி படையலை மூன்று மணிக்கு வைத்திருக்கிறேன். அங்கே எட்டு ஐந்து, இங்கே பதினொன்று. இனிமேல் நீ வராவிட்டால் அதற்கு என் கணக்கைக் குற்றம் சொல்ல முடியாது.

லூபென்

---

போலோஞ்ஞா
8 மார்ச், ஞாயிறு

லூபென் அண்ணா,

இன்று மார்ச் எட்டு, பெண்கள் தினம். அம்மாவுக்குப் பூ அனுப்பாத முதல் மார்ச் எட்டு. இங்கே தெருவெல்லாம் மஞ்சள் பூ விற்கிறார்கள், ஒதெத்தா அம்மாளுக்கு ஒரு கொத்து வாங்கி வைத்தேன். மல்தோவாக்காரி ஒருத்தி மூன்று வாரத்துக்கு அவளைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள்.

உன் தாளைப் பார்த்தேன். உனக்குப் பைத்தியம். கலினாவின் தம்பியை எடுத்தது ஒன்றுதான் அதில் உருப்படியான வேலை. மகன் பெயர் இல்லாமல் ஒட்டினால், அம்மாவோடு மகனும் செத்துவிட்டான் என்று தோச்கா சாயங்காலத்துக்குள் ஊரைக் கூட்டி விடுவாள். என்னால் இன்னொரு சாவுக்கு டிக்கெட் எடுக்க முடியாது.

ஒட்டாதே. அறுபது தாளிலும் என் பெயருக்குக் கீழே உன் பெயரை உன் கையாலேயே எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் கிழித்துப் போடுவேன், கிழிக்க எனக்குத் தெரியும். அம்மாவின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வை. இனிமேல் நம் வீட்டில் அதுதான் நேரம். கோதுமையை நான் வேகவைக்கிறேன், கலினா குழைத்துவிடுவாள். முதலில் கல்லறைக்குப் போக வேண்டும். நீ கூட வரலாம், பேசக்கூடாது.

உன் மேல் கோபம் போகவில்லை. முகம் பார்க்காதது இந்த ஜென்மத்தில் போகாது. அதை வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

விமானத்தில் வரவில்லை. அதில் வந்தால் நீ மறுபடியும் கணக்குப் போடுவாய். திங்கள் காலை கோல்யோ இந்தக் கவரை உன் கையில் கொடுக்கும்போது நீ அதை வாசலில் நின்றுகொண்டே படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் வேனின் பின்பக்கம் வா. கோல்யோவிடம் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பத்தொன்பது மணி நேரம் உள்ளே உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப் போயிருக்கும். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். நீ வந்து திற.

மென்கா